அடைக்காத கண்ணி

கொக்கியின் மடியைப் பார்த்து இது என்ன காலம் என்று முடிவு செய்தவர்கள் நனைந்துதான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவள் மடியில் கட்டைவிரல் உயரக் குடைகள் விரிந்து கிடக்கும். தெருவே குடை பிடித்து நடக்கும்போது அவள் மஞ்சளும் பழுப்புமாக இலை பின்னிக்கொண்டிருப்பாள். நிஜ இலை விழ ஆரம்பித்ததும் இவள் வெள்ளை நூலுக்குத் தாவி, குல்லா போடத் தொடங்கிவிடுவாள். பல் கிட்டுகிற பனியில், போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு தர்பூசணித் துண்டு பின்னுவாள், கறுப்பு விதை உட்பட.

பைத்தியம் ஒன்றும் இல்லை. ஃபேன்ஸி ஸ்டோர்காரர் அப்படித்தான் கேட்பார். அவர் பாஷையில் இதற்கெல்லாம் "சீசன் ஐட்டம்" என்று பெயர். பாதி, குழந்தைகளின் சட்டையில் தைத்துக்கொள்ள. மீதிப் பாதிக்குப் பின்னால் ஊக்கு வைத்திருக்கும், பெண்கள் பையிலோ கழுத்துப்பட்டையிலோ குத்திக்கொள்ள. "மழை வந்தப்புறம் குடை கொண்டாந்தா யாரும்மா வாங்குவா? அதுக்குள்ள நிஜக் குடை வாங்கி, அதையும் பஸ்ஸுல தொலைச்சிருப்பாங்க" என்பார். ஆகவே இருபத்தாறு வருஷமாக, ஊருக்கு ஒரு காலம், கொக்கிக்கு அதற்கு அடுத்த காலம்.

கொக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நுனி வளைந்த குரோஷா ஊசியைக் கையில் இருந்து கீழே வைத்தால்தானே வேறு பெயர் வரும்? சாம்பார் கரண்டி மாதிரி அதையே நீட்டி வழி சொல்லுவாள், அதாலேயே முதுகு சொறிவாள், அதாலேயே பக்கத்து வீட்டுப் பூனையை மிரட்டுவாள். பெயர் வைத்தவன் எவனோ, ஒட்டிக்கொண்டது. இப்போது பால்காரர் சீட்டிலேயே அப்படித்தான் எழுதுகிறார்.

அவள் புருஷன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு நூறு தடவை மேலே போகிறவர், உத்தியோகத்தில் ஒரு படிகூட ஏறவில்லை என்று தெருவில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அவரே சொல்லிச் சொல்லி அதைப் பழசாக்கியவர். இரண்டு அறை வீடு. ஒன்றில் கட்டில், மற்றதில் நூல். நூல் எல்லாம் நான்கு பிஸ்கட் டப்பாக்களில் இருக்கும், காலத்துக்கு ஒரு டப்பா. மூடி மேல் படம் வேறு, உள்ளே இருப்பது வேறு. பிஸ்கட் என்று ஆசையாகத் திறந்து ஏமாந்த பிள்ளைகளின் பட்டியல் நீளம்.

அந்தப் பட்டியலில் முதல் ஆள் அவர்களுடைய ஒரே மகள். நான்கு வயதில் ஏமாந்தாள், ஐந்து வயதில் அதே டப்பாவில் கையை விட்டுப் பின்னக் கற்றுக்கொண்டாள். நூலை முடிக்கும்போது வால் வெளியே தெரியாமல் உள்ளே நுழைக்க வேண்டும். அதற்குக் கொக்கி ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தாள்: "போ, வா, மறுபடி போ." தையல் ஊசியில் வாலைக் கோத்து, பின்னலின் வளையங்களான கண்ணிகளுக்குள்ளே ஒரு தடவை முன்னே போய், திரும்பி வந்து, இன்னொரு தடவை போனால் அப்புறம் எவன் இழுத்தாலும் வராது. மகள் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டே செய்வாள். ஒரே ஒரு கெட்ட பழக்கம், மிச்ச வாலைக் கத்தரிக்கோலால் வெட்டமாட்டாள், பல்லால் கடித்துத் துப்புவாள். "எலிக்குப் பொறந்தவளே, கத்தரிக்கோல் என்ன கோயில் நகையா, தொடக்கூடாதா?" என்று கொக்கி திட்டுவாள். "கத்தரிக்கோல தேடுற நேரத்துல இன்னொரு இலை போட்டுடுவேன்மா" என்பாள் எலி.

எதையாவது அறுத்துக்கொண்டு வந்து நிற்பதும் அவள்தான். பையில் குத்தியிருந்த குடை, சட்டையில் தைத்திருந்த குல்லா, எல்லாம் பள்ளிக்கூடத்தில் யாரோடோ மல்லுக்கட்டி நூல் பிரிந்து தொங்கும். "அம்மா, பிரிஞ்சிடுச்சு" என்று வந்து நிற்பாள். கொக்கி திட்டிக்கொண்டே மூட்டித் தருவாள். உலகத்திலேயே கொக்கிக்குப் பிடித்த திட்டு அதுதான்.

மகள் படித்தாள். ஒரு அரசாங்கப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு ஒரு வெயில் காலத்து மத்தியானம் கடிதம் வந்தது. வீட்டில் கொக்கி மட்டும். வேலை கிடைத்திருக்கிறது, பதினைந்து நாளுக்குள் வந்து சேரவேண்டும், ஊர் ரயிலில் இரண்டு ராத்திரி தூரம்.

கொக்கி அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தாள். பிறகு எழுந்து போய் பனிக்கால டப்பாவைத் திறந்து, வெள்ளை நூல் உருண்டைகளுக்கு அடியில் வைத்து மூடினாள். அவ்வளவுதான் செய்தாள். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. கிட்டத்திலேயே இன்னொரு வேலை வராமலா போகும் என்று நினைத்தாள். பனிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது, அதுவரை அந்த டப்பாவை யார் தொடப்போகிறார்கள் என்றும் நினைத்தாள்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு காலம் முந்தியே வாழ்ந்தவள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரோடு சேர்ந்து கணக்குப் போட்டுவிட்டாள். ஊருக்குத்தான் பனி தூரத்தில் இருந்தது. அவளுடைய பனி, மழை விட்டு முதல் இலை விழுந்த வாரமே வந்துவிடும். வந்தது. ஃபேன்ஸி ஸ்டோர்காரர் நூறு குல்லா கேட்டு ஆள் அனுப்பினார். கொக்கி அடுப்படியில் இருந்தாள். "நான் நூல் எடுத்து வைக்கிறேன்மா" என்று மகள் டப்பாவைத் திறந்தாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. சத்தம் வராததால்தான் கொக்கி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். மகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"வெயில்ல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மகள் காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தாள். வெள்ளை நூல் உருண்டைகளை எண்ணி வெளியே எடுத்து வைத்தாள், சொன்ன வேலை ஆயிற்றே. அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கொக்கியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அது வேறு ஊர், பஸ்ஸில் நான்கு மணி நேரம். அங்கே ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. அரசாங்க நாற்காலியில் உட்காரவேண்டியவள், ஊரார் வீங்கின கன்னத்தைப் பார்த்து "அஞ்சாம் நம்பர் உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொக்கி போன் செய்தால் எடுக்கமாட்டாள். தங்கையோ அக்காவிடம் "நல்லாத்தான் இருக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கமாட்டாள். வீட்டுப் பேச்சு எடுக்கக்கூடாது என்று மகள் போட்ட நிபந்தனை அது. ஒரு தடவை கொக்கி உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, "தப்புதான்" என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பிரிக்காமலே திரும்பி வந்தது.

அடுத்து ஒரு குல்லாவை மட்டும் பின்னி, ஊக்கு வைத்து, சின்னக் கவரில் போட்டு அனுப்பினாள். கடிதம் இல்லை, பெயர்கூட இல்லை.

அது திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. ஆனால் திரும்பி வரவில்லை.

அதைப் பிடித்துக்கொண்டாள் கொக்கி. காலத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு நான்கு என்று அனுப்பத் தொடங்கினாள். இரண்டாவதைப் பின்னும்போதுதான் அந்த யோசனை வந்தது.

யோசனை இதுதான். பின்னி முடித்ததும் கடைசிக் கண்ணி வழியாக நூலை இழுத்து அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் விட்டால் அந்தக் கண்ணி வாயைத் திறந்துகொண்டே இருக்கும். வாலைச் சும்மா அடியில் சொருகிவிட்டால் கொஞ்ச நாள் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். எங்காவது மாட்டி ஒரு இழு இழுத்தால், சரசரவென்று மொத்தமும் பிரிந்து வெறும் நூலாகிவிடும். பிரிந்தால்? "அம்மா, பிரிஞ்சிடுச்சு." வேறு யாரிடம் போவாள்? அந்த ஊரில் இதை மூட்டித் தர ஆள் உண்டா?

இதைச் செய்வது பின்னுகிறவளுக்கு எவ்வளவு கேவலம் என்று கொக்கிக்குத் தெரியாமல் இல்லை. கடைக்குப் போகிற சரக்கில் ஒன்று அப்படிப் போனாலும் ஃபேன்ஸி ஸ்டோர்காரர் பார்சலோடு வாசலில் வந்து நிற்பார். ஆனாலும் செய்தாள். எத்தனை நாளில் பிரியும் என்று தெரிந்துகொள்ள, முதலில் ஒரு கடுகு மஞ்சள் இலையைப் பின்னி புருஷன் சட்டைப் பையில் குத்தி அனுப்பினாள்.

"எதுக்குடி எனக்கு இலை? நான் என்ன மரமா?"

"சும்மா போட்டுக்கிட்டுப் போங்க. அழகா இருக்கு."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அழகு என்ற வார்த்தையைக் கேட்டிராத மனுஷன், மறுபேச்சுப் பேசாமல் போனார். அன்றைக்குத் தரைத்தளத்தில் குனிந்து யாருடைய சக்கர நாற்காலியையோ உள்ளே இழுத்தபோது இலையின் வால் வெளியே தொங்கி, லிஃப்டின் வெளிக்கதவில் மாட்டிக்கொண்டது. கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது. முதல் மாடி வரும்போது பாதி இலைதான் இருந்தது. இரண்டாவது மாடியில் காம்புகூட இல்லை, ஊக்கு மட்டும் சட்டையில் நின்றது. சக்கர நாற்காலியில் இருந்த கிழவர், காலையில் இருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், விழுந்து விழுந்து சிரித்தாராம்.

சாயங்காலம் அவர் ஊக்கைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். "உன் இலை உதிர்ந்துடுச்சு. ஒரு மாடி கூடத் தாங்கல." பிறகு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "இதைத்தான் அவளுக்கு அனுப்பப்போறியா?"

கொக்கி ஊக்கை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"அன்னிக்கு லெட்டரை ஒளிச்சே. இன்னிக்கு இதுவா?"

"பிரிஞ்சா கேக்கத்தானே வேணும்? ஒரு வார்த்தை. அம்மா பிரிஞ்சிடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாப் போதும் எனக்கு."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், அவள் கவரை ஒட்டும்போது மட்டும், "அடைச்சிட்டியா?" என்று கேட்பார். "இல்ல" என்பாள். அவர் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவார்.

தபால் ஆபீஸ் கவுன்டரில் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்கும் கொக்கிக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சந்திப்பு.

"உள்ள என்ன?"

"இலை."

"செடி, விதை எல்லாம் அனுப்பக்கூடாதும்மா."

"நூல்ல போட்ட இலை."

"போன தடவை?"

"குடை."

"இந்தக் கவர்லயா குடை?" கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருக்கு, பொம்மைக்கா?"

"மகளுக்கு."

"என்ன வயசு?"

"இருபத்தேழு."

கவுன்டர் அம்மாள் முத்திரையை மெதுவாகக் குத்தினாள். அதற்குப் பிறகு பொம்மை ஜோக் அடிக்கவில்லை.

நான்கு வருஷம். பதினாறு கவர். முதலாவதைத் தவிர மீதிப் பதினைந்தும் வாய் திறந்த கண்ணியோடு போயின. ஒவ்வொன்றுக்கும் கொக்கி நாள் எண்ணினாள். ஒரு மாதம் போட்டால் தளரும், மூன்று தடவை எங்காவது உரசினால் பிரியும். போன் அடித்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஃபேன்ஸி ஸ்டோர்காரராக இருக்கும். அல்லது கடன் வேண்டுமா என்று கேட்கிற ஒரு பெண் குரலாக இருக்கும். "வேணாம்மா, நீயாவது உங்க அம்மாவுக்குப் போன் பண்ணு" என்று சொல்லி வைப்பாள். அந்தப் பெண் என்ன நினைத்ததோ.

பெட்டியில் போட்டு வைத்திருப்பாளோ? குப்பையில் போட்டிருப்பாளோ? போட்டுக்கொள்ளாதது எப்படிப் பிரியும்? ஐந்தாம் வருஷத்து இலை விழத் தொடங்கியபோது, கொக்கி குல்லாவை ஆரம்பித்துவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் தங்கை வந்தாள்.

தன் பிறப்புச் சான்றிதழ் நகலுக்காக வந்தாள். பிறந்த ஊரில்தானே தருவார்கள். ஆபீஸில் காலையில் இருந்து நின்று, கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போய்விட்டதால், அந்த இடைவெளியில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு.

"உள்ள வா" என்றாள் கொக்கி. "இளைச்சிட்டே."

"நீ பார்க்காத நேரத்துல குண்டாகி, மறுபடி இளைச்சேன்" என்றாள் தங்கை.

அவள் ஒரு சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தாள், அளவு கொஞ்சம் சின்னது. அதன் கழுத்துப்பட்டையில் துருப்பிடித்த சிவப்பில் ஒரு இலை. மூன்று மாதத்துக்கு முன்னால், மழையில் கொக்கி பின்னி அனுப்பிய அதே இலை.

கொக்கி டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்தக் கோட்டு?"

"உன் பொண்ணோடதுதான். விடியக்காலை பஸ்ஸுல குளிரும் சித்தின்னு போட்டு அனுப்பினா. தினமும் இதைத்தான் போட்டுக்கிட்டுப் போவா."

"தினமுமா?"

"தினமும்."

தினமும் போட்டால் இந்நேரம் நூலாகப் போயிருக்க வேண்டும். இலையோ, பின்னின அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. கொக்கி கிட்டே போய், ஊக்கைக் கழற்றி, இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

கடைசிக் கண்ணி அடைத்திருந்தது. வால் உள்ளே போய், திரும்பி வந்து, மறுபடி போயிருந்தது. இதைக் கண் தெரியாதவள்கூட விரலால் படித்துவிடலாம். முடிகிற இடத்தில் நூல் நேராக வெட்டுப்படவில்லை. நசுங்கி, பிசிறு பிசிறாக, பல் பட்டு அறுந்திருந்தது.

"மீதியெல்லாம்?" என்று கேட்டாள்.

தங்கை கொஞ்சம் தயங்கினாள். நிபந்தனை இருந்தது. ஆனால் அக்கா அந்தப் பிசிறை விரலால் தடவிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டாள். "சுவத்துல ஒரு துணி மாட்டி, வரிசையா குத்தி வச்சிருக்காக்கா. கவர் வந்ததும் முதல் வேலையா அதைத் திருப்பித்தான் பார்ப்பா. பார்த்துட்டு ஊசி நூல் எடுத்துட்டு வந்து உட்கார்ந்துடுவா. ஏன்டி, நல்லாத்தானே இருக்குன்னு நான்கூட ஒரு தடவை கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அம்மா மாறவே இல்ல சித்தின்னா."

"கோவமாவா?"

"கோவம் இல்ல. சிரிச்சா." தங்கை யோசித்தாள். "சிரிப்புன்னும் சொல்ல முடியாது."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கொக்கி இலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"வருவாளான்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"ம்?"

"அஞ்சாம் நம்பரைக் கூப்பிடற மாதிரி என்னைப் பார்த்தாக்கா. அப்புறம் நான் கேக்கல."

"இலையைக் கழட்டாமத்தான் கோட்டைக் குடுத்தாளா?"

"மறந்திருப்பா."

மகள் எதையும் மறக்கிற ஜாதி இல்லை. ஒரு கடிதத்தை நான்கு வருஷம் மறக்காதவள். கொக்கி இலையைப் பழைய இடத்திலேயே, அதே துளையில் குத்திவிட்டாள். கையெழுத்துப் போடுகிறவர் வந்திருப்பார் என்று தங்கை எழுந்தாள். வாசலில் நின்று, "ஏதாவது சொல்லணுமா அவகிட்ட?" என்று கேட்டாள். கொக்கி வாயைத் திறந்தாள். நான்கு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட அந்த வாசலுக்குப் பொருத்தமாக இல்லை.

"கோட்டுல ரெண்டாவது பித்தான் தளர்ந்திருக்கு" என்றாள் கடைசியில். "அவளே பார்த்துப்பா."

தங்கை போன பிறகு குல்லாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளுக்கான குல்லா. முக்கால்வாசி முடிந்திருந்தது, மீதியையும் முடித்தாள். உச்சியில் ஒரு குஞ்சம் வைத்தாள். கடைசிக் கண்ணி ஊசி முனையில் வந்து நின்றது.

இதுவரை அந்த இடத்தில் அவளுக்குத் தயக்கமே வந்ததில்லை. இன்றைக்குக் கை நகரவில்லை. திறந்து விட்டால், அங்கே மகள் திருப்பிப் பார்த்து, மாறவே இல்லை என்று சொல்லப்போகிறாள். சரியாகத்தான் சொல்லுகிறாள். ஒளிப்பதும் பொறி வைப்பதும் தவிரப் பிள்ளையை வைத்துக்கொள்ள வேறு வழி தெரியாத ஒருத்தி. அடைத்து அனுப்பினால்? திருப்பிப் பார்ப்பாள். ஊசி நூல் தேவைப்படாது. பல்லுக்கு வேலை இல்லை. நான்கு வருஷத்தில் அவளும் மகளும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று கொக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் திறந்துவிட்டாள், அவள் அடைத்தாள், பதினைந்து தடவை. அதுவும் இனிமேல் கிடையாது.

ஜன்னலில் வெளிச்சம் சாய்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஃபேன்ஸி ஸ்டோரில் இருந்து போன் அடித்தது. எடுக்க ஓடவில்லை.

பிறகு நூலை வெட்டி, கண்ணி வழியாக இழுத்து, இறுக்கினாள். வாலைத் தையல் ஊசியில் கோத்தாள். போனாள், வந்தாள், மறுபடி போனாள். மிச்சத்தைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினாள். திருப்பிப் பார்த்தால் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. அவள் கையில் வந்ததிலேயே நல்ல குல்லா.

வேலை முடிந்து வந்த புருஷன், செருப்பைக் கழற்றும்போதே கவரைப் பார்த்தார்.

"அடைச்சிட்டியா?"

"ம்."

நான்கு வருஷமாக ஒரே பதிலைக் கேட்டுப் பழகினவர், ஒரு செருப்போடு நின்றார்.

"நிஜமாவா? அப்ப இது பிரியாதே."

"பிரியாது."

"அவ என்ன செய்வா அதை வச்சிக்கிட்டு?"

"போட்டுக்குவா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் கொக்கி. கவரை நாக்கில் நனைத்து ஒட்டினாள். பிறகு தர்பூசணிக்குச் சிவப்பு நூல் இருக்கிறதா என்று பார்க்க வெயில்கால டப்பாவைத் திறந்தாள்.